சும்மா இருக்க வேண்டிய தட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அழுகைக்கு நடுவில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: ஹார்மோன் போடாத தட்டிலும் புற்றுநோய்ச் செல்கள் வளர்ந்துவிட்டன, இரண்டு வருட வேலை வீண், ஆராய்ச்சியை விட்டுவிடப் போகிறாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீ மறுப்பாய், அதனால் எழுதுகிறேன்.

விடுவதும் தொடர்வதும் உன் முடிவு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் அந்த ஒரு தட்டை வைத்து முடிவெடுக்காதே. எனக்கும் அதே தட்டு வந்தது.

1980களின் நடுவில் நான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிது. உன் இன்குபேட்டரில் இருக்கும் அதே எம்.சி.எஃப்-7 செல்கள்தான் எனக்கும். 1970-ல் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோன ஒரு கன்னியாஸ்திரீயின் நெஞ்சில் கோத்திருந்த நீரிலிருந்து எடுத்தவை அவை. அந்தப் பெண்மணி போய் இத்தனை வருடமாகியும் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரை ஒரு நொடி நினைப்பது என் வழக்கம்.

எனக்குக் கொடுத்த கேள்வி எளிது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் இந்தச் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன? கொடுக்காத தட்டு சும்மா இருக்க வேண்டும், கொடுத்த தட்டு வளர வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றுபோல வளர்ந்தன. செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் சீரத்தில் ஹார்மோன் மிச்சம் இருக்கும் என்று கரித்தூளைக் கலந்து அதை உறிஞ்சி எடுத்தேன். அப்படியும் வளர்ந்தன. ஹார்மோன் இல்லாத அந்தத் தட்டில் டாமாக்ஸிஃபென் போட்டால் மட்டும் வளர்ச்சி குறைந்தது. ஈஸ்ட்ரோஜனின் இடத்தில் போய் உட்கார்ந்து அதைத் தடுக்கிற மருந்து, ஈஸ்ட்ரோஜனே இல்லாத இடத்தில் எதைத் தடுத்தது? என் நோட்டில் விடை எழுதியே இருந்தது, பாப்பா. நான் அதைப் படிக்கவில்லை. என் கை சரியில்லை, நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். கைடும் அப்படித்தான் நினைத்தார். ஒரு வருடத்து நோட்டை ஓரம் வைக்கச் சொன்னார்.

1986-ல் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்து காட்ஸெனெலன்போகன் தம்பதியரின் குழுவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. செல் வளர்க்கும் மீடியத்துக்கு நிறம் தரும் பீனால் ரெட், அந்தச் சிவப்புச் சாயமே, ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்கிறது என்றார்கள். மிகவும் பலவீனமான ஈஸ்ட்ரோஜன்தான், ஆனால் மீடியத்தில் அவ்வளவு சாயம் இருந்தது. அந்தச் சாயத்தில் கலந்திருந்த ஒரு மாசுதான் காரணம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். மீடியம் புளித்தால் மஞ்சளாக மாறிக் காட்டட்டும் என்று உலகத்தில் எல்லா லேபும் சேர்த்துக்கொண்டிருந்த பொருள் அது. அந்தக் கட்டுரையை நின்றுகொண்டே படித்தேன். சந்தோஷம் வரவில்லை, ஒரு வருடமாக என்னை நானே திட்டிக்கொண்டதுதான் முதலில் ஞாபகம் வந்தது. மறுநாள் சாயமில்லாத மீடியத்தில் போட்டேன். தட்டு சும்மா இருந்தது.

ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் அந்த இடத்தின், அதாவது ரிசெப்டர் என்ற புரதத்தின், கதையே இப்படித்தான் தொடங்கியது. 1950களில், ஈஸ்ட்ரோஜன் செல்லுக்குள் போய் என்சைம்களால் வேறு பொருளாக மாறித்தான் வேலை செய்கிறது என்று பலரும் நம்பினார்கள். சிகாகோவில் எல்வுட் ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் வேறு விதமாகக் கேட்டார்கள். ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்பது இருக்கட்டும், திசு ஹார்மோனை என்ன செய்கிறது? ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ரடயாலில் ட்ரிஷியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, வயதுக்கு வராத எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தசையில் அது தங்கவில்லை. கருப்பையோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டது, அதுவும் துளிகூட மாற்றாமல். அப்படியானால் பிடித்துக்கொள்ள அங்கே ஏதோ இருக்க வேண்டும். 1958-ல் வியன்னாவில் ஜென்சன் இதைச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர், அதில் மூவர் அடுத்துப் பேச வந்தவர்கள். அதே நேரத்தில் என்சைம் பற்றிய கூட்டத்துக்கு ஆயிரத்துக்கு மேல் போயிருந்தார்கள்.

அது ஏன் பெரிய விஷயம் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது நான் சரியாகச் சொல்லவில்லை. 1896-லேயே கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களின் சினைப்பையை எடுத்தால் சிலருக்குக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது கிடையாது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் சினைப்பையையும் அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகளையும்கூட எடுத்துப் பார்த்தார்கள். பலன் கிடைத்தது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்ற இருவர் உறுப்பையும் இழந்து, நோயோடும் திரும்பினார்கள். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கட்டியில் ரிசெப்டர் இருக்கிறதா என்று அளந்து பார்த்தால் சொல்லலாம் என்று ஜென்சன் 1970களின் தொடக்கத்தில் காட்டினார். பலிக்காத அறுவையிலிருந்து எத்தனையோ பெண்கள் அதனால் தப்பினார்கள். என் வாழ்நாள் முழுக்க நான் மதித்த கண்டுபிடிப்பு இது.

டாமாக்ஸிஃபெனும் தோற்றுப்போன மருந்துதான். 1962-ல் கருத்தடைக்காகச் செய்தார்கள். பெண்களுக்கு அது கரு முட்டை வெளிவருவதைத் தூண்டியது! அதே மருந்து, ரிசெப்டர் உள்ள கட்டிகளில் ஐந்து வருடம் சாப்பிட்டால், அந்த நோயால் வரும் மரணத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. கருப்பைப் புற்றுநோய்க்கான ஆபத்தை அது கொஞ்சம் கூட்டுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது.

நான் கட்டித் திசுக்களின் ஸ்லைடு படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெண்மணி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார். "ஈ.ஆர். பாசிட்டிவ்னு போட்டிருக்கும்மா, எல்லாம் முடிஞ்சுதா?" என்றார். ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பாசிட்டிவ் என்றாலே கெட்டது என்று அவர் நினைத்திருந்தார், அப்படியில்லை என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் கட்டிக்கு ஒரு பூட்டு இருக்கிறது, அதற்குச் சாவி மாத்திரையாகவே கிடைக்கிறது, மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காடு இந்த வகைதான் என்று சொன்னேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க ஆரம்பித்தார். எந்தக் கட்டுரை வெளியானபோதும் எனக்கு அந்த நிறைவு வந்ததில்லை.

இந்த வகை நோய் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பி வருகிறது என்பதும் உண்மை. அதனால்தான் நீ எடுத்த வேலை எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது. ஈஸ்ட்ரோஜன் வந்து உட்கார்ந்தால் மூடிக்கொள்ள வேண்டிய ரிசெப்டர், 537-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதும் ஹார்மோன் இல்லாமலே மூடிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறது. ஹார்மோனை வற்றடிக்கிற மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டவர்களின் கட்டிகளில் இந்த மாற்றம் தெரிகிறது. அந்தக் காலத்தில் நாங்கள் கற்பனைகூடச் செய்யாத தந்திரம் இது.

சரி, உன் தட்டுக்கு வருகிறேன். மாற்றம் உள்ள செல்கள் ஹார்மோன் இல்லாமல் வளர வேண்டும், அது சரி. சாதாரணச் செல்களும் வளர்ந்ததுதான் சிக்கல். சாயமில்லாத மீடியம் என்று நீயே சொன்னாய். சீரம் புதிய லாட்டா, அதாவது வேறு தொகுப்பில் வந்ததா, என்று பார். பிளாஸ்டிக் குழாய்களை மாற்றினாயா? பாஸ்டனில் சோட்டோவின் குழுவுக்கு, சோதனைக் குழாயிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால்தான் ஈஸ்ட்ரோஜனாக வேலை செய்தது, 1991-ல் எழுதினார்கள். இதையெல்லாம்விட எனக்குச் சந்தேகம் வேறு. இரண்டு வகைச் செல்லையும் ஒரே ஹூடில், அந்தக் கிருமியில்லாத ஒரே பெட்டிக்குள், ஒரே நாளில் கையாள்கிறாய். மாற்றம் உள்ள செல் ஒரு துளி இந்தப் பக்கம் கலந்திருந்தாலும், ஹார்மோன் இல்லாத தட்டில் அதுதான் முந்திக்கொண்டு பெருகும். டி.என்.ஏ. அடையாளச் சோதனை இதைக் காட்டாது, இரண்டும் ஒரே தாய்ச்செல்லிலிருந்து வந்தவை. அந்த 537-ஆம் இடத்தையே சீக்வென்ஸ் செய்.

அதற்கு முன்னால் ஒன்று. ரிசெப்டரையே அழித்துவிடுகிற ஃபுல்வெஸ்ட்ரன்ட் உங்கள் ஃப்ரீசரில் இருக்கும். அதை அந்த ஹார்மோன் இல்லாத தட்டில் போட்டுப் பார்த்தாயா? வளர்ச்சி நின்றால் ரிசெப்டரை ஏதோ ஒன்று ஓட்டுகிறது என்று அர்த்தம். நிற்காவிட்டால் செல் வேறு பாதை பிடித்திருக்கிறது. அன்றைக்கு நான் படிக்கத் தவறிய வரி இதுதான். ஆறு நாள் ஆகும். எண்ணி முடித்ததும், எந்த நேரமானாலும் சரி, கூப்பிடு.

அன்புடன்,
அம்மா