எண்ணெய் ஓவியப் பட்டறை: அறிவிப்போடு பொருள் பட்டியலையும் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாமல்லபுரம் போன்ற இடங்களில் திறந்தவெளி ஓவியப் பட்டறை நடத்துவோர் தரும் அறிவிப்புகளில் ‘தேவையான பொருட்களுடன் வரவும்’ என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்துக்கு இது போதவே போதாது. புதிதாக வரும் மாணவர் 24க்கு 36 அங்குலக் கேன்வாஸைத் தூக்கி வருகிறார். கடற்காற்று அதைப் பாய்போல் பிடித்து, ஸ்டாண்டோடு சாய்த்துவிடுகிறது.

10க்கு 12 அங்குலமே தாராளம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியைவிட, அட்டையில் துணி ஒட்டிய கேன்வாஸ் போர்டு நல்லது. பின்னாலிருந்து வெயில் ஊடுருவாது. முந்தைய நாளே பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) நிற அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்துக் காயவைத்துவிட வேண்டும். வெறும் வெள்ளைப் பரப்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் பிடிக்கும்; எண்ணெய் மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்துவிடும். ஸ்டாண்டின் நடுவே கல் போட்ட துணிப்பை ஒன்றைத் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது.

வண்ணம் ஆறு போதும்: டைட்டானியம் வொயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), அலிசரின் கிரிம்சன் (அடர் சிவப்பு), பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் புளூ. வெள்ளைதான் முதலில் தீரும். அதை மட்டும் பெரிய ட்யூபாக வாங்கலாம். வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டில் வெள்ளை நெல்லிக்காய் அளவு, மற்றவை சுண்டைக்காய் அளவு. கறுப்பு ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடற்கரைக் கோயிலின் கருங்கல்லைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து தீட்டினால் சிமென்ட் சுவர்போல் செத்துக் கிடக்கும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் வரும் சாம்பல்தான் அந்தக் கல்லுக்கு உயிர். காலை வெயில் விழும் கிழக்கு முகத்தில் அதோடு கொஞ்சம் ஆக்கர் சேர வேண்டும். நிழல் பக்கத்தில் வானத்தின் நீலம் தெரியும்.

கேன்வாஸும் பேலட்டும் இரண்டுமே நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் வைத்துத் தீட்டினால் எல்லா நிறமும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே அடர்த்தியாகக் கலக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் படம் இருண்டிருக்கும். குடையும் சாம்பலோ கறுப்போதான். சிவப்புக் குடையின் கீழே எந்த நிறத்தையும் நம்ப முடியாது. இரண்டு மணி நேரத்தில் நிழல் இடம் மாறிவிடும் என்பதால் முதல் 15 நிமிடத்தில் நிழல்களின் எல்லையை மெல்லிய வண்ணத்தால் குறித்துவிட்டு, பிறகு அதை மாற்றக் கூடாது. முதல் பூச்சு, வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் கலந்து மெலிதாக, மேல் பூச்சு எண்ணெய்ச் செறிவோடு. மாற்றிச் செய்தால் அடி காயுமுன் மேற்பரப்பு காய்ந்து, பின்னாளில் வெடிக்கும்.

ஆளுக்கு 100 மில்லி டர்பன்டைன் போதும். அதை ரயிலில் எடுத்துவரக் கூடாது. அமைப்பாளர்களே உள்ளூரில் வாங்கி வைப்பது நல்லது. அழுக்கு டர்பன்டைனை மணலில் கொட்டாமல் மூடிபோட்ட பாட்டிலில் வைத்தால் மறுநாள் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்துத் தூரிகை கழுவலாம். துடைத்த துணிகளைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு சொல்கூடக் காணோம். வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். துணிகள் குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூட வேண்டும். கட்டுச்சோற்றைக் கையால் சாப்பிடுகிறவர்கள் நாம். அதற்கு முன் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுவது கட்டாயம்.

திரும்பும்போது ஈரப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள். தாள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரே அளவுள்ள இரண்டு போர்டுகளை முகத்துக்கு முகம் வைத்து, நான்கு மூலையிலும் கார்க் துண்டு கொடுத்து, குறுக்கே நாடா கட்டினால் கூட்டமான பேருந்திலும் பத்திரமாக வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
சென்னை