அரிச்சல்முனை சாலையில் உதவிய அண்ணனுக்கு நன்றி

போன ஞாயிறு நாங்கள் நான்கு பேர் ராமநாதபுரத்திலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் இடமான அரிச்சல்முனைக்கு சைக்கிளில் போனோம். ஒரு வழிக்கே ஏறக்குறைய 75 கிலோமீட்டர். பாம்பன் பாலத்தில் சூரிய உதயம் பார்த்தோம், போகும்போது மண்டபத்தில் ஒரு பஞ்சர் ஆனதைத் தவிர எல்லாம் நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது தனுஷ்கோடி தாண்டியதும் என் பின்சக்கரம் பஞ்சர். ஒரு பக்கம் ஆண் கடல் என்று சொல்லும் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பெண் கடல் என்று சொல்லும் வங்கக் கடல், நடுவில் நிழலே இல்லாத சாலை. மாற்று ட்யூபை ஏற்கெனவே மண்டபத்தில் போட்டாயிற்று. ஒட்டுவதற்கு வைத்திருந்த சொல்யூஷன் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் மீன்கூடையோடு மொபெட்டில் வந்த அண்ணன் நிறுத்தினார். தன்னிடமிருந்த சொல்யூஷனை எடுத்துக் கொடுத்தார். வாளியில் கடல் தண்ணீர் மொண்டு வந்து ட்யூபை முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நான் அவசரமாக டயரை மாட்டப் போனேன். "பொறு தம்பி, முள்ளு உள்ளேயே இருந்தா மறுபடியும் போயிரும்" என்று டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவினார். சீமைக் கருவேல முள்ளின் முனை ஒன்று முறிந்து உள்ளேயே இருந்தது. மண்டபத்தில் மாற்றிய ட்யூப் ஏன் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

பணம் வாங்கவே இல்லை. குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை, அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அண்ணே, ரொம்ப நன்றி. வீடு வரைக்கும் காற்று இறங்கவே இல்லை.