பாதி வழியில் திரும்பிய மகளுக்கு

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள உமையாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆத்தாளுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குத்தான் மனது சரியில்லை. "பன்னிரண்டு பேரைக் காட்டு நடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாதி வழியில் திரும்பிவிட்டேன், அப்பச்சி" என்று சொல்லும்போது உன் குரல் கம்மிப்போயிற்று. அந்த நேரத்தில் எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பசிபிக் கடலின் ஈரக்காற்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் மலைகளில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, ஹோ மழைக்காட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,500 மில்லிமீட்டர் கொட்டுகிறதாமே! நம் சீமையில் 900 பெய்தாலே ஊருணி நிறைந்தது என்று பூரித்துப் போகிறோம். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 72 மீட்டர். அதையும் மிஞ்சி வளரும் சிட்கா ஸ்புரூஸ் மரங்களுக்கு அடியில் என் மகள் நடந்திருக்கிறாள்.

ஒரு படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஏழெட்டுப் பெருமரங்கள் நூல் பிடித்து நட்டாற்போல ஒரே வரிசையில் நிற்கின்றன. அடிவேர்கள் தரைக்கு மேலே கால் விரித்திருக்கின்றன. நடுவே ஒரு குழந்தை தவழ்ந்து போகலாம். நம் வளவுத் தூண்கள்தான் நினைவுக்கு வந்தன. யார் நட்டது என்று கேட்டேன். யாரும் நடவில்லை என்றாய். தரையில் பாசியும் புதரும் நெருக்குவதால், விழுந்து கிடக்கும் மரத்தின் முதுகில் விதைகள் முளைக்கின்றன. பல நூறு ஆண்டுகளில் கிடந்த மரம் மக்கிப்போக, வரிசை மட்டும் மிஞ்சுகிறது என்றாய். அன்று இரவு முகப்புத் தூணில் வெகுநேரம் கை வைத்திருந்தேன். ஐயா பர்மாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேக்கு. அதுவும் ஒரு காட்டில் நின்ற மரம் என்பது இத்தனை வயதுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

மேப்பிள் கிளைகளில் தொங்கும் பாசி மரத்தைத் தின்றுவிடும் என்று நினைத்தேன். அதையும் நீ திருத்தினாய். மேப்பிள் தன் கிளையிலிருந்தே வேர் விட்டு, பாசிக்குள் சேர்ந்த மண்ணில் சத்தை உறிஞ்சுவதைச் சூழலியல் ஆராய்ச்சியாளர் நளினி நட்கர்ணி 1981-இல் எழுதினார் என்று நீ சொன்னபோது நானும் ஆத்தாளும் வாய் பிளந்து கேட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போக 14.5, வர 14.5 என்று 29 கிலோமீட்டர் நடை. எட்டாவது கிலோமீட்டரில் உன்னோடு வந்த ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. "இங்கேயே உட்கார்ந்திருக்கட்டும், வரும்போது கூட்டிக்கொள்ளலாம்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நீ மறுத்து, எல்லோரையும் திருப்பினாய்.

அப்போது எனக்கு 23 வயது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்துகொண்டிருந்தோம். நத்தத்தைத் தாண்டிய பிறகு என் பங்காளி ஒருவருக்குக் காலில் கொப்புளம் உடைந்துவிட்டது. "நீ போப்பா, நான் மெதுவாக வருகிறேன்" என்றார். இளவட்டங்களோடு நானும் வேகமாகப் போய்விட்டேன். இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான் அவர் வரவில்லை என்று தெரிந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தோம். ஒரு புளியமரத்தடியில், துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு, பனியில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை. மறுநாள் எங்கள் குழுப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. விளக்கை என் கையில் கொடுத்து, "இனி நீ கடைசியில் வா" என்றார். பழனி வரைக்கும் கடைசியில்தான் நடந்தேன். கூட்டத்தின் வேகம் எது என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

அது தெரிந்த சாலை. ஊர்கள் உண்டு, மோர் கொடுக்க ஆள் உண்டு. உன் காட்டில் என்ன உண்டு? நனைந்த துணியோடு அசையாமல் உட்கார்ந்தால் உடம்புச் சூடு இறங்கிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அவ்வளவு அடர்ந்த மரங்களின் கீழே சீக்கிரம் இருட்டிவிடும். வழுக்கும் வேர்களின் மேல் நொண்டிக்கொண்டு எட்டுக் கிலோமீட்டர் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ கணக்குப் போட்டாய் அல்லவா? 23 வயதில் அந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, ஆத்தா. முகம் சுளித்தவர்கள் சுளிக்கட்டும். நீ தோற்றதாக இனி ஒரு முறைகூடச் சொல்லாதே.

அடுத்த மாதமும் போகப்போகிறாய் என்று ஆத்தாளிடம் சொன்னாயாம். போய் வா. மணகோலமும் மாவுருண்டையும் பார்சலில் வருகின்றன. பன்னிரண்டு பேருக்கும் காணும்படி செய்யச் சொன்னேன். முகம் சுளித்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

அந்தப் பெண்ணின் கணுக்கால் வீக்கம் வடிந்ததா? மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
அப்பச்சி