நடராஜரைப் பரீட்சைக்கு இருத்தும் பௌதிகவியல் சேருக்கு

அன்புள்ள சேர்,

வெள்ளவத்தையில் உங்களிடம் ஏ.எல். பௌதிகவியல் ரியூசனுக்கு வருகிற பிள்ளையின் அப்பா எழுதுகிறேன். வகுப்பு வட்சப் குழுவில் நீங்கள் போட்ட நடராஜர் படம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. ஜெனீவாவில் சேர்ன் (CERN) என்கிற துணிக்கைப் பௌதிக ஆய்வுகூடத்தின் வளாகத்தில் நிற்கிற இரண்டு மீற்றர் சிலை. கீழே, சோழருக்கு அப்போதே துணிக்கைப் பௌதிகம் தெரியும், அதனால்தான் வெள்ளைக்காரன் வைத்திருக்கிறான் என்று உங்கள் குறிப்பு. அவன் தேடிப்பிடித்து வைக்கவில்லை சேர். சேர்னோடு இருக்கிற பழைய உறவுக்காக 2004 ஜூனில் இந்திய அரசு கொடுத்த பரிசு அது. சரி, அதை விடுவோம்.

சிலையோடு இருக்கிற பலகையில் கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் வரியும் இருக்கிறது. 1877இல் கொள்ளுப்பிட்டியில் பிறந்தவர். கொழும்பு 7இல் அவர் பெயரில் வீதியே இருக்கிறது, ஆனால் அவர் முதலில் பாறை ஆராய்ந்த ஆள் என்று யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சப்பிரகமுவப் பக்கம் கிடைத்த ஒரு கறுப்புக் கனிப்பொருளை, யுரேனியம் உள்ள யுரேனினைற் என்றுதான் அவர் முதலில் குறித்தார். லண்டனில் டன்ஸ்டன் என்கிற இரசாயனவியலாளர் பகுப்பாய்வு செய்து பார்த்த பிறகு, 1904இல், அது தோரியம் நிறைந்த புதிய கனிப்பொருள் என்று தெரிந்து தோரியனைற் ஆனது. பார்க்க ஒரே மாதிரி இருந்தது, சோதித்தால் வேறு.

அதே மனுசன்தான் பிறகு நடராஜரைப் பற்றி எழுதும்போது இது கவிதை, ஆனாலும் விஞ்ஞானமும்தான் என்றார். உங்கள் பக்கத்துக்குச் சாதகமான வரி, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கு அவர் கைகாட்டியது உண்மை விளக்கம் போன்ற சைவ சித்தாந்த நூல்களை. அவை சொல்வது சிவனின் ஐந்தொழில்: துடியில், அதாவது உடுக்கையில், படைப்பு, அஞ்சாதே என்று அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய காலில் அருள். சேர்ன் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் படைப்பையும் அழிப்பையும் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள், மறைப்புக்கும் அருளுக்கும் எந்தச் சமன்பாட்டில் இடம் இருக்கிறது சேர்? கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குத் திருவாதிரையன்று விடிய எழும்பிப் போகிற அம்மாக்கள் கும்பிடுவது அந்தத் தூக்கிய காலைத்தான். (என் மனைவிக்கு உங்கள் குறிப்பைப் பார்த்து வந்த கோபம் என்னுடையதைவிடப் பெரிது, காரணமும் இதுதான்.)

பௌதிகத்தில் பரீட்சை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பௌதிகவியலாளர் டிராக் 1928இல் எழுதிய சமன்பாட்டிலிருந்து, இலத்திரனின் அதே திணிவும் நேரேற்றமும் உள்ள ஒரு துணிக்கை இருக்க வேண்டும் என்று வந்தது. 1932இல் அண்டர்சன் என்கிற பௌதிகவியலாளர் அதை, துணிக்கைகள் போன தடத்தைக் காட்டும் முகில் அறையில் கண்டார். திணிவு வேறாக இருந்திருந்தால் சமன்பாட்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நடராஜர் அப்படி ஒரு எண்ணைச் சொல்ல வந்தவர் இல்லை, அவரை ஏன் இந்தப் பரீட்சைக்கு இருத்துகிறீர்கள்?

படத்தை அழிக்கச் சொல்லவில்லை. கீழே உள்ள குறிப்பை மட்டும் மாற்றுங்கள். அப்புறம், கதிர்த்தொழிற்பாடு படிப்பிக்கும்போது தோரியனைற் கதையையும் ஒருக்கால் சொல்லுங்கள், நம்ம நாட்டுக் கல்.