சொராரிட்டிகளிடம் தமிழ்ச் சங்கங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை: ஒரு திறந்த மடல்

வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

2020 ஆகஸ்ட் 19 அன்று, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், ஏறக்குறைய ஆளில்லாத ஓர் அரங்கில் நின்று கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றினார். அந்த உரையில் அவர் தம் சித்திகளைக் குறிப்பிட்டதை நாம் அன்றிரவே வாட்ஸாப் குழுக்களில் கொண்டாடித் தீர்த்தோம். அதே உரையில், தம் குடும்பம் என்று அவர் அடுக்கிச் சொன்னவர்களுள் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியும், அதாவது கல்லூரிப் பெண்களின் சகோதரிச் சங்கமும், இருந்தது. அந்தப் பெயரை நம்மில் பெரும்பாலோர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் வேட்பாளரான நாள் முதலே அந்தச் சகோதரிகள் 19.08 டாலர் என்ற தொகையைத் தேர்தல் நிதிக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1908 அவர்களுடைய அமைப்பு தொடங்கப்பட்ட ஆண்டு. கொரோனாப் பெருந்தொற்றால் மண்டபங்களும் கல்லூரி வளாகங்களும் பூட்டிக் கிடந்த மாதங்கள் அவை.

எங்கள் பக்கத்துச் சங்கங்கள் சில, இளையோருக்கான வழிகாட்டல் குழுக்களை அமைக்கப்போவதாக இப்போது பேசி வருகின்றன. நல்ல முயற்சிதான். ஆனால் என் காதில் விழுந்தவரை, அந்தப் பேச்சு எந்த மண்டபம், யார் சிறப்பு விருந்தினர், பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தாண்டவில்லை. தமிழ்ப் பள்ளியில் வார இறுதியில் பாடம் நடத்துபவள் என்ற முறையிலும், இரண்டு பெண் பிள்ளைகளின் தாய் என்ற முறையிலும், அந்தக் குழுக்கள் வேலையைத் தொடங்குமுன் இந்நாட்டின் கறுப்பினப் பெண்களுடைய சொராரிட்டிகள் பெருந்தொற்றின் திரைவழிக் கூட்டக் காலத்தை எப்படிக் கடந்தன என்பதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

சொராரிட்டி என்றதும் நம் வீடுகளில் எழும் படம் பெரும்பாலும் திரைப்படங்கள் தந்தது: வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு, ஒரே நிற உடுப்பில் பெண்கள், இரவு முழுக்க விருந்து. அப்படிப்பட்டவையும் உண்டு. 1902இல் உருவான தேசியப் பான்ஹெலனிக் மாநாட்டின் கீழ் வரும் சொராரிட்டிகளில் பலவற்றுக்குக் கல்லூரியை ஒட்டி வீடு இருக்கும், அந்த வீட்டைச் சுற்றியே அவர்களுடைய வாழ்க்கையும் நடக்கும். கறுப்பினப் பெண்களின் நான்கு சொராரிட்டிகளின் வரலாறு வேறு. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இலும், டெல்டா சிக்மா தீட்டா 1913இலும், ஸீட்டா ஃபை பீட்டா 1920இலும் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தன. சிக்மா காமா ரோவை 1922இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஏழு பள்ளி ஆசிரியைகள் தொடங்கினார்கள். பட்டம் வாங்கியதும் விடைபெற்றுக்கொள்ளும் இடங்கள் அல்ல இவை. இருபது வயதில் சேர்ந்தவர் எழுபது வயதிலும் உறுப்பினர். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனால் அந்த ஊரின் பட்டதாரிக் கிளையில் சேர்ந்துகொள்கிறார், ஆண்டுச் சந்தா கட்டுகிறார், ஏதேனும் ஒரு குழுவில் வேலையை ஏற்கிறார். டெல்டாவைத் தொடங்கிய 22 மாணவியரும் அமைப்பாகச் சேர்ந்து முதலில் செய்த பொதுக்காரியம், 1913 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்தது. அந்தப் பேரணியில் கறுப்பினப் பெண்களைப் பின்வரிசைக்குத் தள்ளப் பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்த வேறுபாடு 2020இல் பளிச்சென்று தெரிந்தது. வீட்டை மையமாகக் கொண்ட அமைப்புகளுக்கு அந்த வீடே தொல்லையாயிற்று. அந்தச் செப்டம்பரில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ப்ளூமிங்டன் வளாகத்தில் மாணவ, மாணவியர் சங்க வீடுகளில் பெரும்பாலானவை தனிமைப்படுத்தப்பட்டன. வீடுகளைக் காலி செய்துவிடுவதே நல்லது என்று பல்கலைக்கழகமே பரிந்துரைத்தது. புதிய மாணவியரைச் சேர்க்கும் சுற்றுகள் பல வளாகங்களில் ஸூமுக்கு மாறின. ஒரு மாணவி தன் படுக்கையறையில் இருந்தபடி, திரையின் கட்டங்களுக்குள் தெரியும் முகங்களிடம் தன்னைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசிவிட்டு, தன்னைத் தேர்ந்தெடுப்பார்களா என்று காத்திருந்தாள். அழைப்பு வந்த பிறகும் அவளுக்குக் கிடைத்தது இன்னும் சில ஸூம் இணைப்புகள்தாம். கல்லூரியில் படிக்கும் என் மூத்த மகளின் தோழிகள் சிலர் அப்படிச் சேர்ந்து, அடுத்த ஆண்டே விலகியும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டதாரிக் கிளைகளின் வலிமை வேறோரிடத்தில் இருந்தது. வர முடியாதவர்களிடம் தாங்களே போவது அவர்களுக்குப் பழைய பழக்கம். 1935 முதல் 1942 வரை, கோடை விடுமுறைதோறும் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா உறுப்பினர்கள் மிசிசிப்பி மாநிலத்தின் பருத்தி வயல்களுக்கு மருத்துவ முகாம் நடத்தப் போனார்கள். டாக்டர் டோரதி ஃபெரபி அதற்குத் தலைமை தாங்கினார். மருத்துவ நிலையங்களைத் திறந்து வைத்து, தொழிலாளர் குடும்பங்களை அங்கே வரவழைப்பதுதான் முதலில் போட்ட திட்டம். தோட்ட முதலாளிகள் ஆட்களை வெளியே விட மறுத்தார்கள். ஆகவே மருந்துகளையும் ஊசிகளையும் சொந்தக் கார்களில் ஏற்றிக்கொண்டு, வயலுக்கு வயல் போய், மரத்தடியிலும் களத்துமேட்டிலும் நின்று குழந்தைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். இப்படி ஒரு முன்னனுபவம் உள்ள அமைப்புக்கு, 2020இல் கூடம் மூடப்பட்டது புதிய இடையூறாக இருந்திருக்காது.

வழிகாட்டல் பணியிலும் அதே போக்கைப் பார்க்கலாம். டெல்டா சிக்மா தீட்டா 11 முதல் 14 வயது வரையிலான சிறுமியருக்கு, மால்கம் எக்ஸின் மனைவியும் கல்வியாளருமான பெட்டி ஷபாஸின் பெயரில், 1996 முதல் ஓர் அகாடமி நடத்துகிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஜெம்ஸ் என்ற மற்றொரு திட்டம் இருக்கிறது. ஸீட்டா ஃபை பீட்டா, மார்ச் ஆஃப் டைம்ஸ் அறக்கட்டளையோடு சேர்ந்து 1972 முதல் கர்ப்பிணிப் பெண்களுக்கான வகுப்புகளை நடத்துகிறது. வகுப்புக்கு வந்தால் புள்ளிகள், புள்ளிகள் சேர்ந்தால் குழந்தைக்கு வேண்டிய பொருள்கள். பெருந்தொற்றில் இந்த வகுப்புகளைக் கிளைகள் பல திரைக்கு மாற்றின. ஆனால் தொட்டிலையும் டயப்பரையும் திரைவழியே அனுப்ப முடியாது. யாரோ ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும்.

அந்த வாசல் வேலையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எங்கள் வட்டாரத்துப் பட்டதாரிக் கிளை ஒன்று நடத்திய சனிக்கிழமை வகுப்பில், பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டதால் என் இளைய மகளும் அப்போது சேர்ந்திருந்தாள். வகுப்பை நடத்தியவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அவரோடு அதே இணைப்பில் வேறொரு பெரியவரும் எப்போதும் இருப்பார், பிள்ளைகளோடு ஒற்றை ஆளாகப் பேசுவதில்லை என்பது அவர்கள் வைத்திருந்த விதி. பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர் அதைக் கண்டித்ததே இல்லை. முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஜன்னல் வழியே என்ன தெரிகிறது என்று மட்டும் தட்டச்சு செய்யச் சொல்வார். வீட்டில் இணைய வசதி இல்லாத ஒரு பெண், நூலகத்தின் வாகன நிறுத்தத்தில் அம்மாவின் காரில் உட்கார்ந்து நூலகத்து வைஃபையில் சேர்ந்தாள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் தெரிய வந்தது. அடுத்த வாரமே கிளை அவளுக்கு ஓர் இணையக் கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டது.

மாதம் ஒரு முறை எங்கள் வாசலில் ஒரு காகிதப் பை இருக்கும். உள்ளே ஒரு நோட்டு, அந்த மாதம் படிக்க ஒரு புத்தகம், சூடான சாக்லேட் தூள் இரண்டு பொட்டலம், அவற்றோடு அஞ்சல்தலை ஒட்டி முகவரியும் எழுதிவைத்த ஒரு வெற்று அஞ்சலட்டை. அட்டையை எழுதிப் போடுவது மட்டும்தான் பிள்ளையின் வேலை. எழுதாத பிள்ளைக்குக் குறிப்பிட்ட ஒரு பெண்மணியிடமிருந்து தொலைபேசி வரும். இந்தச் சிறுமிக்கு இவர்தான் பொறுப்பு என்று கிளையில் பெயர் குறித்து வைத்திருந்தார்கள். என் மகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு செவிலியர். அந்தக் குளிர்காலத்தில் மருத்துவமனைகள் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். ஞாயிறு மாலைகளில் பணி முடிந்து, காரில் உட்கார்ந்தபடியே அவளைக் கூப்பிடுவார்.

அதே காலத்தில் நாம் என்ன செய்தோம்? பொங்கலையும் சித்திரைத் திருநாளையும் திரையில் நடத்தினோம். தலைவர் உரை, செயலாளர் உரை, சென்னையிலிருந்து இணைந்த பேச்சாளரின் உரை, பிள்ளைகள் முன்கூட்டியே பதிவு செய்து அனுப்பிய நடனங்கள். இவற்றைப் பார்க்கச் சில நூறு பேர் ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். உழைத்தவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த நிகழ்ச்சிகளில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் மேடையும் பார்வையாளரும் என்ற அமைப்பை அப்படியே திரைக்கு ஏற்றியதால், யாருக்கும் யாரும் பொறுப்பில்லை என்ற நிலையும் கூடவே ஏறிவிட்டது. ஒரு பிள்ளை மூன்று வாரம் தமிழ்ப் பள்ளிக்கு இணையவில்லை என்றால் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழுந்தது. அவளைத் தேடிப் போவது யார் வேலை என்று நாம் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்பை ஒட்டிப் பிள்ளைகள் உதிரத் தொடங்குவதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அந்தப் பதினான்கு வயதில் டெல்டாவின் ஒரு திட்டம் முடிந்து மற்றொன்று தொடங்குகிறது. இடையில் ஒரு நாள்கூட இடைவெளி வைக்கவில்லை. நாம் பதினான்கு வயதில் கையை விட்டுவிட்டு, கல்லூரிப் பட்டத்தோடு அவர்கள் மேடையேறிப் பரிசு வாங்க வருவார்கள் என்று காத்திருக்கிறோம். அந்த நான்கு ஆண்டுகளில்தான் ஒரு பெண் தன் நிறத்தைப் பற்றியும், எந்தப் படிப்பு என்பதைப் பற்றியும், அம்மாவிடம் கேட்க முடியாத பலவற்றைப் பற்றியும் யாரிடமாவது கேட்கத் தேடுகிறாள். நம் பிள்ளைகளில் சிலர் பின்னர் கல்லூரியில் தெற்காசியச் சொராரிட்டிகளில் சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கப்பா ஃபை காமா ஆஸ்டினிலும், டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டனிலும் 1998இல் தொடங்கப்பட்டவை. தொடங்கியவர்கள் நம்மைப் போன்ற குடியேறிகளின் மகள்கள்.

சொராரிட்டிகளை நான் பூசி மெழுகவில்லை. புதியவர்களை வதைக்கும் ராகிங் கொடுமை இவ்வகை அமைப்புகளில் உயிர்களையும் பறித்திருக்கிறது. 1990இல் கறுப்பின அமைப்புகள் பழைய சேர்க்கை முறையையே கைவிட்டும் அது முற்றாக ஒழியவில்லை. சந்தாவும் பிற செலவுகளும் ஏழைப் பெண்ணை வாசலிலேயே நிறுத்திவிடக்கூடியவை. வெள்ளையர் பெரும்பான்மையான அமைப்புகளின் நிற ஒதுக்கல்மீது 2020 கோடையில் வேண்டர்பில்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார்கள், இந்த அமைப்புகளையே கலைக்கச் சொன்னார்கள், உறுப்பினர் பலர் விலகவும் செய்தார்கள். அவர்கள் கேட்டவை நியாயமான கேள்விகள். யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்ற அந்தப் பகுதி நமக்கு வேண்டாம். சாதி பார்த்துப் பழகிய சமூகத்துக்கு அதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. சேர்ந்த பிறகு மூத்தவர் ஏற்கும் வாழ்நாள் பொறுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வழிகாட்டல் குழுவின் முதல் கூட்டத்துக்கு மண்டபம் பார்க்குமுன், 14 முதல் 18 வயது வரையிலான பிள்ளை ஒருவருக்குப் பொறுப்பேற்கச் சம்மதிக்கும் பெரியவர்களின் பெயர்களைத் திரட்டுங்கள். பட்டமும் பதவியும் பார்க்காதீர்கள். செவிலியர், கணக்காளர், மளிகைக் கடை நடத்துபவர், யாராக இருந்தாலும் வாரம் அரை மணி நேரம் தவறாமல் தரக்கூடியவர் போதும். அவர்கள் எல்லாருடைய பின்னணியையும் முறைப்படி சரிபாருங்கள், பெற்றோரின் எழுத்து ஒப்புதலை வாங்குங்கள், திரைவழி அமர்வு எதிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பதை விதியாக எழுதுங்கள். அமர்வுகளை நேரில் மட்டும் என்று சுருக்கிவிடாதீர்கள். பெருநகரத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில், பள்ளியிலேயே ஒற்றைத் தமிழ்ப் பெண்ணாக இருப்பவளுக்கு, பெருந்தொற்றில் நாம் பழகிக்கொண்ட அந்தத் திரை இன்றும் வேண்டியிருக்கிறது. ஆண்டு விழாவில் ஒரு நட்சத்திரப் பேச்சாளரை அழைக்கும் செலவில், இணைய வசதி இல்லாத சில வீடுகளுக்கு ஓராண்டு வசதி செய்து தரலாம், மாதந்தோறும் புத்தகமும் அனுப்பலாம். வரவு செலவுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் பொறுப்பேற்றிருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் இன்னும் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, பெயர்களை வெளியிடாமல், உங்கள் அடுத்த செய்திமடலில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பேற்பவர் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
டெக்சஸ்