அப்பாவுக்கு: பிரிண்டர் கெடவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதிய ரௌட்டர் வைத்த நாளிலிருந்து பிரிண்டரின் வைஃபை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, அச்சு வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். இதே தொல்லை இங்கேயும் வந்து போன வாரம்தான் தீர்ந்தது. அதனால் மற்ற செய்திகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துவிட்டு இதை விரிவாக எழுதுகிறேன். தயவுசெய்து பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் அலைய வேண்டாம். அது கெட்டிருக்க வாய்ப்பு குறைவு.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு தாள் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் நடப்பதில்லை. குடியிருப்பு அனுமதி விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், பாப்பாவின் பள்ளிப் படிவம் எல்லாம் மின்னஞ்சலில் வரும்; அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வீடு மாறியபோது ரௌட்டரும் மாறியது. அனுமதியைப் புதுப்பிக்கக் கடைசி நாள் நெருங்கும் நேரம் பார்த்து, கணினி பிரிண்டரை ‘ஆஃப்லைன்’, அதாவது இணைப்பில் இல்லை என்று காட்டியது. அவசரத்துக்கு யு.எஸ்.பி. கேபிளைச் செருகி அச்சிட்டு அனுப்பிவிட்டேன். உங்களுக்கும் அவசரம் என்றால் அப்படியே செய்யுங்கள். கேபிளில் அச்சாகிறது என்றாலே இயந்திரமும் மையும் சரியாக இருப்பது தெரிந்துவிடும்.

அடுத்து, பிரிண்டர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அதனிடமே கேளுங்கள். அதன் மெனுவில் நெட்வொர்க் நிலவரத்தை அச்சிடும் வசதி இருக்கும். திரை இல்லாத பிரிண்டர் என்றால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். வெளியே வரும் தாளில் இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும். எஸ்.எஸ்.ஐ.டி. என்பது வைஃபையின் பெயர்; அந்த இடத்தில் பழைய ரௌட்டரின் பெயர் இருந்தால், வீடு காலி செய்துவிட்டுப் போனவரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதைப் போல பிரிண்டர் இன்னும் அதையே தேடுகிறது. ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் பிரிண்டருக்கு உள்ள எண் முகவரி, 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். எனக்கு வந்த தாளில் பழைய பெயர்தான் இருந்தது.

சரி, புதிய பெயரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்த்தால், பட்டியலில் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்களெல்லாம் வந்தன. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது சீக்கிரம் வலுவிழக்கும். 2.4 மெதுவானது, தூரம் போகும். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். எங்கள் ரௌட்டரிலோ அதுதான் அணைக்கப்பட்டிருந்தது. ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரௌசரில் அடித்து உள்ளே போய் அதை இயக்கினேன். பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

ஆனாலும் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகும் இணைய மறுத்தது. நேரமெல்லாம் போனது இதில்தான். டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்பு முறை 2018-இல் அறிவிக்கப்பட்டது. எங்கள் பிரிண்டர் அதற்கும் மூத்தது, அதற்கு டபிள்யூ.பி.ஏ.2 வரைதான் பழக்கம். ரௌட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் என்றிருந்ததை, டபிள்யூ.பி.ஏ.2-ஐயும் சேர்த்து ஏற்கும்படி மாற்றியதும் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டு நிலையாக எரிந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்கள், எளிதாக இணையும் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள் அப்பா. தெருவில் போகிறவர்கூட நம் வீட்டு நெட்வொர்க்கில் நுழைந்துவிடலாம்.

இணைந்த பிறகும் கணினி ‘ஆஃப்லைன்’ என்றே காட்டினால் பதற வேண்டாம். அது பிரிண்டரின் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். கணினியில் அந்த பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும். மறுபடி முகவரி மாறாமல் இருக்க, ரௌட்டரில் பிரிண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைக்கலாம்; நான் வைத்துவிட்டேன். உங்கள் செல்பேசியிலிருந்து அச்சிடுவதானால், அது விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் ‘கெஸ்ட்’ நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது. பெரும்பாலான ரௌட்டர்களில் அங்கிருந்து வீட்டுக் கருவிகள் கண்ணில் படாது. அலுவலக மடிக்கணினியில் அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வி.பி.என். ஓடினாலும் பெரும்பாலும் அதே கதை. அச்சிடும் நேரத்துக்கு அதைத் துண்டித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நிலவரத் தாளை மட்டும் எடுத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். அதில் பாஸ்வேர்டு அச்சாகியிருந்தால் மறைத்துவிடுங்கள். ரௌட்டர் பக்கத்தைத் தனியாகத் திறக்கத் தயக்கமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது சேர்ந்தே செய்வோம். அம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்