அவரைக்காட்டுக்குச் சோள மூடாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

களையெடுக்க ஆள் கிடைக்காத கஷ்டத்தைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் செடி அவரையும் கொத்தவரையும் போடுகிறவன் நான். அவரைக்கு முதல் ஒரு மாதம்தான் கண்டம், அதற்குள் சாரணையும் பார்த்தீனியமும் மேலே ஏறிவிட்டால் அப்புறம் எத்தனை முறை கொத்தினாலும் காய் தேறாது. மக்காச்சோளக்காரர்கள் 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்து அகன்ற இலைக் களைகளைக் கருக்கிவிடுவார்கள். அவரையே அகன்ற இலைச் செடி, அந்த மருந்து பட்டால் பயிரே போய்விடும். விதைத்த கையோடு, களை முளைக்கும் முன்னே தடுக்கும் பெண்டிமெத்தலின் மருந்தை அடிக்கலாம், ஆனால் கோரை அதற்கு அசையாது.

இரண்டு வருஷமாக அரை ஏக்கரில் வேறு மாதிரி செய்து பார்க்கிறேன். ஆவணி மழைக்குத் தீவனச் சோளத்தை வழக்கத்தைவிட நெருக்கி விதைத்து, கீழே வெயில் விழாத அளவுக்கு வளரவிட்டு, கதிர் வெளியே வரும் சமயத்தில் (மணி பிடிக்க விடவே கூடாது) அடியோடு அறுத்து அதே இடத்தில் மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்பிவிடுவோம். உழுவதில்லை. இரண்டு வாரம் காய்ந்ததும் சோளத்தட்டை விலக்கிக் குழி போட்டு அவரை ஊன்றுவோம். உழாததால் அடியில் கிடக்கும் களை விதை மேலே வராது, மேலே கிடப்பதில் பலவும் வெளிச்சம் இல்லாமல் முளைக்காது. சோள வேரில் கசியும் ஒரு பொருளும் சின்ன விதைகளின் முளையை அடக்கும். அவரை விதை பெரிசு, இரண்டு வாரம் பொறுத்து ஊன்றினால் தாங்கிக்கொள்கிறது.

எல்லாரும் ஏன் தக்கைப்பூண்டு போடவில்லை என்றுதான் கேட்கிறார்கள். நெல்லுக்கு அது அருமையான உரம், நானே வயலில் மடக்கி உழுகிறேன். அவரைக்காட்டில் கதை வேறு. தக்கைப்பூண்டு மக்கி விடும் தழைச்சத்தை (நைட்ரஜனை) தின்று முதலில் கொழுப்பது களைதான். காய்ந்த சோளத்தட்டோ மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தைக் கொஞ்ச நாள் தனக்கே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் களை வெளிறிப்போய் நிற்கும். அவரை தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர் முடிச்சில் தானே தயாரித்துக்கொள்ளும். போன கார்த்திகையில் ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே நல்ல ரோஜா நிறம். வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குறையும் உண்டு. முதல் வருஷம் சோள விதையை நெருக்கமில்லாமல் தூவிவிட்டேன், இடைவெளியெல்லாம் சாரணை. அறுத்த சோளத்தின் சில தூர்கள் மறுபடி துளிர்த்தன, அவற்றைத் தேடித் தேடி அறுக்க வேண்டியிருந்தது. ஓர் ஓரத்தில் தட்டில் கரையான் ஏறியது. கோரை இந்த மூடாக்கையும் குத்திக்கொண்டு வரத்தான் செய்கிறது. ஆனாலும் மூன்று முறை ஆள் விட்டுக் களையெடுத்த இடத்தில் இந்த வருஷம் ஒரே முறையோடு முடிந்தது, ஈரமும் கூடுதல் நாள் நின்றது.

2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுத்தது நல்ல காரியம். அதே போலக் காய்கறிப் பயறு போடுகிறவர்களுக்குச் சோளம், கம்பு விதையையும் மூடுபயிர் என்று மானியத்தில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ரோடேல் நிறுவனத்தார் ரை என்ற தானியப் பயிரை டிராக்டர் முன்னால் மாட்டிய உருளையால் நசுக்கிப் படுக்கவைத்து அதற்குள்ளேயே சோயா விதைக்கிறார்கள். அப்படி ஓர் உருளையும், தட்டை ஊடுருவி விதை ஊன்றும் கருவியும் வேளாண் பொறியியல் துறையின் வாடகைக் கருவிகளோடு இருந்தால் என்னைப் போன்ற சிறு விவசாயி ஆளுக்கு அலைய மாட்டான். அடுத்த ஆவணிக்குள் வட்டாரத்துக்கு ஒரு செயல்விளக்கத் திடலாவது போட்டுக் காட்டுங்கள், என் அரை ஏக்கரைத் தரவும் நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் அவரை விவசாயி,
ஒட்டன்சத்திரம் வட்டம்